டீச்சர் வெட்டிக் கொடுத்த வீடு

அத்தியாயம் பதினேழு

ராத்திரிச் சாப்பாட்டின் நடுவில், உப்பை நகர்த்தச் சொல்லும் அதே குரலில், "ஜனவரியில நானும் டீச்சரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்று அப்பா சொன்னதும், பெரியவள் "சரிப்பா" என்று உப்பை நகர்த்தியதும் போன வாரம் நடந்தவை. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சுமையை இறக்கியவர். கீழே நிற்பவர்கள் தாங்களாகவே விலகிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு எப்போதும் உண்டு. தெருவில் இன்னும் கிரேன்காரர் என்றுதான் பெயர்.

பெரியவள் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். பல் கட்டும் லேபில் வேலை. அம்மா ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுத்த வருஷங்களில், பகலில் அடுத்தவர் பல்லையும் ராத்திரியில் அம்மாவையும் பார்த்துக்கொண்டாள். தேடி வந்த ஒரே வரன், "அம்மாவுக்கு ஆள் கெடைச்சதும் சொல்லியனுப்புங்க" என்று எழுந்து போனது போனதுதான். அம்மா போய் மூன்றாவது கிறிஸ்துமஸ் இது.

வெள்ளிக்கிழமை அப்பா சொன்னார்: "நாளைக்கு டீச்சர் வர்றாங்க. மரத்துக்கு ஏதோ கையால செய்யப் போறாங்களாம். நீயும் கூட இரு."

"பரண்ல அம்மாவோட பெட்டி இருக்கேப்பா. கண்ணாடி உருண்டை, மணி எல்லாம்."

"பழசெல்லாம் வேணாம்மா. இந்த வருஷம் எல்லாமே புதுசா இருக்கட்டும்."

அதிலும் ஒரு "சரிப்பா."

சனிக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்த கையோடு டீச்சர் வந்தார். உருளைப் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு அவர் வாசலில் நின்றதும் பெரியவளின் கண் அந்தப் பெட்டியிலேயே நின்றது. இப்பவே குடி வந்தாச்சா?

"பயப்படாதம்மா, துணிமணி இல்ல. மெஷின்" என்றார் டீச்சர்.

கண்டுபிடித்துவிட்டாரே என்று பெரியவளுக்குக் காது சூடானது.

அப்பா அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார். "நான் போய் மரம் வாங்கிட்டு வந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருங்க." இரண்டு பெண்களை ஒரே அறையில் விட்டுவிட்டு நழுவுவதில் அவர் காட்டிய சுறுசுறுப்பு அந்த வயசுக்கு அதிகம்.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்து மெஷினை வைத்தார்கள். பார்க்கப் பிரிண்டருக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. உள்ளே மைக்குப் பதிலாகக் எள் அளவு முனையோடு ஒரு குட்டிக் கத்தி. போனில் படம் வரைந்து அனுப்பினால், அந்தக் கத்தி அட்டையில் அதே கோட்டைப் பிடித்து வெட்டிக்கொண்டே போகும். டீச்சர் சின்னப் பிள்ளைகள் பள்ளியில் இருபது வருஷம் இருந்தவர். சுவர் முழுக்க ஒட்டும் பூவும் வண்ணத்துப்பூச்சியும் கத்தரிக்கோலால் வெட்டியே கட்டைவிரல் காய்த்துப்போனதாம். புருஷன் இறந்த வருஷம், பொழுது போகாமல் இதை வாங்கினாராம்.

கேட்டதற்கு மட்டும் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது என்று பெரியவள் ராத்திரியே முடிவு கட்டியிருந்தாள். அந்த முடிவு முதல் நட்சத்திரம் வரைக்கும்தான் தாங்கியது.

பசை தடவிய நீல பிளாஸ்டிக் விரிப்பில் சிவப்பு அட்டையை ஒட்டி, டீச்சர் மெஷினுக்குள் நுழைத்தார். கிர்ரென்று இழுத்துக்கொண்டது. கத்தி இங்கும் அங்கும் ஓடியது. வெளியே வந்தபோது அட்டை போன மாதிரியே இருந்தது. ஒன்றுமே நடக்கவில்லையோ என்று பெரியவள் குனிந்து பார்த்தாள். மயிரிழைக் கோடுகள்.

அட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுக்கப் போனாள்.

"அய்யோ, அட்டைய உரிக்காத, சுருண்டுக்கும். கவுத்துப் போட்டு விரிப்பை உரி."

கவிழ்த்து, விரிப்பை வளைத்து உரித்தாள். மேஜை மேல் ஒரு நட்சத்திரம் தட்டையாக, சுத்தமாக விழுந்தது. நடுவில் இருந்த பொடித் துண்டுகளை ஊசிமுனையால் எடுக்க வேண்டும். மெழுகில் பல் செதுக்கிப் பழகிய விரல்களுக்கு அது விளையாட்டு. டீச்சர் ஒரு துண்டு எடுப்பதற்குள் இவள் முழு நட்சத்திரத்தையும் முடித்துவிட்டாள்.

"அடேயப்பா! நீ பள்ளிக்கூடத்துல இருந்திருந்தா எங்க பிரின்சிபால் உன்னை வீட்டுக்கே விட்டிருக்க மாட்டாங்க."

பெரியவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

பிறகு உருண்டைகள். அட்டையை வட்ட வட்டமாக வெட்டி, ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து, முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டே போனால் கடைசியில் அது பந்தாக விரியும். நடுவில் நூலைக் கோத்துவிட்டால் தொங்கவிடலாம். டீச்சர் ஒட்டிய முதல் பந்து ஒரு பக்கம் வீங்கி இருந்தது.

"இது யாரு, சின்னவன் பெண்டாட்டியா?" என்றார் டீச்சர்.

சின்னவன் என்பது பெரியவளின் தம்பி. ஊரின் மறுபக்கத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். அவன் மனைவிக்கு இது ஏழாம் மாசம். பெரியவள் பசைக் கையோடு வாயைப் பொத்திச் சிரித்தாள்.

மணி, பறவை, மூன்றடுக்கு நட்சத்திரம் என்று மேஜை நிறைந்தது. டீ போட்டுக் குடித்தார்கள். டீச்சர் பேசுவார், பேசாமல் இருக்க வேண்டிய நேரத்தில் பேசாமலும் இருப்பார். கப்பைக் கழுவி வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "உங்க அம்மாவைப் பத்தி அவர் என்கிட்ட எதுவுமே சொன்னதில்ல. ரொம்ப நாள் முடியாம இருந்தாங்கன்னு மட்டும் தெரியும். நானும் தோண்டிக் கேக்கல" என்றார்.

"பரவால்ல டீச்சர்."

பரவாயில்லை என்றுதான் இருந்தது. அதுதான் ஆச்சரியம். இந்தப் பொம்பளையோடு ஒரே வீட்டில் இருந்துவிடலாம் என்று அந்த நிமிஷத்தில் பெரியவளுக்குத் தோன்றியது. மனிதர்களின் வாய்தான் அவளுக்கு முதலில் கண்ணில் படும். டீச்சரின் முன்பல் ஒன்று கட்டிய பல், நிறம் ஒரு சாயல் தூக்கல் என்று முதல் நாளே பார்த்து, அதை ஒரு ரகசியச் சந்தோஷமாக மனசுக்குள் வைத்திருந்தாள். இப்போது அதைக் கொடுத்துவிட நினைத்தாள்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முன்பல்லுக்கு ஷேடு சரியாப் பாக்கல. லேபுக்கு வாங்க, நானே வேற பண்ணித் தர்றேன்."

டீச்சர் உதட்டை மூடிக்கொண்டார். பிறகு திறந்தார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"இரு. நான் சாயங்காலம் கிளம்பறப்பத் தரலாம்னு வச்சிருந்தேன். இப்பவே தந்துடறேன்."

உருளைப் பெட்டியின் பக்கப் பையிலிருந்து மெல்லிய தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பெரியவள் பிரித்தாள்.

உள்ளங்கை அளவில் ஒரு வீடு. வெள்ளை அட்டை. சாய்ந்த கூரையில் ஓடுகூட வரிவரியாக வெட்டியிருந்தது. ஜன்னல்களுக்கு உள்ளே மஞ்சள் கண்ணாடித் தாள். கதவு நிஜமாகவே திறந்தது. கதவுக்கு மேலே எறும்பு அளவு எழுத்தில் "என் வீடு."

"நேத்து முழுக்க இதுக்குத்தான் உக்காந்தேன்" என்றார் டீச்சர். "உன் புது வீட்டு மரத்துல மொத மொதல்ல இதைத்தான் மாட்டணும். சரியா?"

"எந்தப் புது வீடு டீச்சர்?"

டீச்சர் சிரித்தார். "போதும் போதும். அப்பா எல்லாம் சொல்லிட்டாரு. ரொம்ப வருஷமாவே தனியா இருக்கணும்னு ஆசையாமே உனக்கு. தம்பி வீட்டு மாடி ரூமை நீயே கேட்டு வாங்கிட்டியாமே. நல்லதுதான்டா. நானும் உன் வயசுல..."

மெஷின் அடுத்த அட்டையை வெட்டிக்கொண்டிருந்தது. டீச்சரின் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

அப்போது பெரியவள் செய்ததை நினைத்தால் இதை எழுதும் எனக்கே ஆத்திரமாக வருகிறது. அவள் அப்பாவைக் காப்பாற்றினாள்.

"ஆமா ஆமா" என்றாள். "மாடி ரூம். மறந்தே போச்சு."

"கொடியில துணி காயுது, எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்ல வந்து, கொடி என்பதற்குத் தறி என்று உளறிவிட்டு, பின்கட்டுக்குப் போனாள். துணி எதுவும் காயவில்லை. போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். திட்டக்கூட வார்த்தை வரவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"மாடி ரூம் ரெடியாடா?"

"அப்பாடா!" என்றான் சின்னவன். "ஒருவழியா சொல்லிட்டாரா? நான் நவம்பர்லேர்ந்து தலைபாடா அடிச்சுக்கறேன், சீக்கிரம் சொல்லுங்கப்பான்னு. ரூம் பக்காவா ரெடிக்கா. பெயிண்ட் அடிச்சாச்சு. தரைக்கு நம்ம கடை டைல்ஸ்தான், நல்ல குவாலிட்டி. ஃபேன் மட்டும் மாத்தணும்."

பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல்: "லேப்ல சொல்லிட்டாங்களான்னு கேளுங்க."

"என்னடா சொல்லணும் லேப்ல?"

"அது... வேலைய விடறதைத்தான். குழந்தைக்கு மூணு மாசம் ஆனதுமே இவ ஆபீசுக்குத் திரும்பணும்க்கா. காப்பகத்துல விட மனசு வருமா சொல்லு? சொந்த அத்தை நீ இருக்கறப்ப எதுக்கு ஊர்ல இருக்கறவங்க கையில குடுக்கணும்? உனக்கும் ஒரு பிடிப்பு வேணும்ல."

பெரியவள் போனை வைத்தாள். நவம்பரிலிருந்து. அப்பாவுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், தம்பி பெண்டாட்டிக்குத் தெரியும், பெயிண்ட் அடித்தவனுக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது மெஷின் வேலையை முடித்துவிட்டு, அட்டையை எடுக்கச் சொல்லி விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் அதைத் தொடவில்லை. மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"உனக்குத் தெரியாது. இல்ல?"

பெரியவள் தலையை ஆட்டினாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பத்தான். நீங்க சொல்லித்தான்."

டீச்சர் மேஜையில் கிடந்த குட்டி வீட்டின் கதவை மூடினார். பிறகு சொன்னார்: "உன்னைப் போகச் சொல்லுங்கன்னு நான் அவர்கிட்ட கேக்கலம்மா. ஆனா ஒண்ணு சொல்லியிருக்கேன். ஒரு அடுப்படியில ரெண்டு பொம்பளைங்கன்னா எனக்கு யோசனையா இருக்குன்னு ஒரு தடவை சொன்னேன். அடுத்த வாரமே வந்து, அவளே போறேங்கறான்னு சொன்னாரு. எனக்கு..." நிறுத்தினார். "எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

"அதனாலதான் வீடு வெட்டிக் கொண்டு வந்தீங்களா?"

"ஆமா" என்றார் டீச்சர்.

இந்த நேரம் பார்த்துத்தான் அப்பா உள்ளே வந்தார். தோளில் நீள அட்டைப்பெட்டி, கையில் சீரியல் விளக்குப் பொட்டலம்.

"அட, இவ்வளவு பண்ணிட்டீங்களா! கடையில வச்சா வித்துடும் போலிருக்கே!" என்றவர், இரண்டு முகங்களையும் பார்த்தார். மேஜை மேல் இருந்த குட்டி வீட்டைப் பார்த்தார். பெட்டியைச் சுவரில் சாய்த்தார். சாய்த்து முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"நல்ல நாளு முடியட்டும்னு இருந்தேன்மா" என்றார் சுவரைப் பார்த்தபடி.

"யாரோட நல்ல நாளுப்பா?"

"உன் நல்லதுக்குத்தானே. எனக்கப்புறம் உனக்கு யாரு? அங்க ஒரு குழந்தை வருது."

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"நீ எதுக்கும்மா இதுவரைக்கும் மாட்டேன்னு சொல்லியிருக்க?"

அவர் குத்திக் காட்டவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். அதனால்தான் அது அப்படி இறங்கியது.

டீச்சர் எழுந்தார். மெஷினின் வயரைக் கழற்றிச் சுற்றினார். மிச்ச அட்டைகளை அடுக்கினார். "நான் வெளிய நிக்கறேன். நீங்க பேசுங்க" என்று பெட்டியை இழுத்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் அப்பாவின் குரல் தணிந்தது.

"கோவிச்சுக்காத. உண்மையைச் சொல்றேன். இந்த வீட்ல உன்னைப் பாக்கறப்பல்லாம் எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வருது. மருந்து வாடைதான் வருது. உங்க அம்மா முனகற சத்தம் வருது. எனக்கும் கொஞ்ச நாள் அது இல்லாம இருக்கணும்னு ஆசையா இருக்காதா?"

பெரியவள் அவரைப் பார்த்தாள். அந்த வருஷங்களில் அவர் ஹாலில் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார். முனகல் கேட்கக் கூடாதாம்.

"நான் பக்கத்துல இருந்தேன்பா. அதான் அந்த வாடை என் மேல ஒட்டிக்கிச்சு" என்றாள். "நீங்க ஹால்ல இருந்தீங்க. உங்க மேல எப்படி அடிக்கும்?"

அப்பா மரம் இருந்த அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழிக்க ஆரம்பித்தார்.

வெளியே நடைபாதை பெயர்ந்து கிடந்ததால் பெட்டியின் சக்கரம் உருளவில்லை. ஒரு பக்கம் டீச்சரும் மறுபக்கம் பெரியவளும் பிடித்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்தார்கள். மூச்சு வாங்கியது மட்டும் கேட்டது.

ஸ்டாப்பில் பெட்டியை இறக்கிவிட்டு டீச்சர் சொன்னார்: "நான் ஒண்ணு சொன்னா கேப்பியா? என் வீடு சின்னதுதான். ஒரு ரூம், ஒரு ஹால். ஆனா என் சொந்த வீடு. நான் இங்க வந்துட்டா அது சும்மா பூட்டித்தான் கெடக்கும். நீ அங்க போய் இரு. உன் லேபுக்கும் பக்கம். யாரு குழந்தையையும் தூக்க வேணாம். யாரும் உன்னைப் போன்னு சொல்ல முடியாது. நான் எழுதி வேணா தர்றேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். பெரியவளுக்கு அது புரிந்தது. அது புரிந்ததால் இன்னும் கசந்தது.

"அப்பவும் போகப் போறது நான்தான். இல்ல டீச்சர்?"

டீச்சர் பெட்டியின் கைப்பிடியை இழுத்து நீட்டினார். பஸ் வந்தது. ஏறி, பெட்டியை மேலே வாங்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். பெரியவள் கை காட்டவில்லை.

உடனே வீட்டுக்குத் திரும்பப் பிடிக்காமல் மார்க்கெட் பக்கம் சுற்றினாள். லேப் இருக்கும் தெருவரை போனாள். சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார்கள். ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வெயில் இறங்கும் நேரத்துக்குத் தெருமுனையில் திரும்பியவள், வீட்டு வாசலில் தம்பியின் கடை வேன் நிற்பதைப் பார்த்தாள்.

பின்கதவு திறந்திருந்தது. சின்னவனும் கடைப் பையன்கள் இரண்டு பேருமாக அவளுடைய பீரோவைத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். கதவு ஆடக் கூடாது என்று அவளுடைய துப்பட்டாவாலேயே கட்டியிருந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள்.

"வந்துட்டியா அக்கா!" என்றான் சின்னவன், மூச்சு வாங்க. "எப்படியும் விஷயம் உனக்குத் தெரிஞ்சாச்சு. திங்கக்கிழமைலேர்ந்து வேன் வெளியூர் போகுது. அதான் கனமா இருக்கறதை இன்னிக்கே ஏத்திடலாம்னு. நீ பண்டிகை முடிஞ்சு மெதுவா வா."

"யாரு சொன்னா?"

"அப்பாதான் ஏத்துடான்னாரு."

அப்பா வாசற்படியில் நின்றார். "அவன் வந்து நின்னுட்டான்மா. நான் என்ன பண்றது" என்றார்.

கத்துவாள் என்று சின்னவன் எதிர்பார்த்தான். அழுவாள் என்று அப்பா எதிர்பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னல் இரண்டையுமே எதிர்பார்த்தது. பெரியவள் பீரோவின் அருகே போய், துப்பட்டா முடிச்சை அவிழ்த்து உருவிக்கொண்டாள். கதவு பப்பரப்பாவென்று திறந்துகொண்டது. உள்ளே அவள் துணிகள்.

"எடுத்துட்டுப் போடா" என்றாள். "நான் வரல. குழந்தை அழுதா இந்தப் பீரோவைத் தூக்கிக்கச் சொல்லு."

கடைப் பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டு, முதலாளியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"என்னக்கா பேசற நீ? எங்க போவ?"

அவள் அப்பாவைத் தாண்டி உள்ளே போனாள். ஹாலில் பிளாஸ்டிக் மரம் பாதி விரித்த கிளைகளோடு நின்றது. காலையில் செய்த நட்சத்திரமும் மணியும் மேஜையில் அப்படியே கிடந்தன. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பீரோ இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுசாகத் தெரிந்தது.

எங்க போவ? அந்தக் கேள்வியில் மட்டும் சின்னவன் தப்பு செய்யவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள், பழைய சினேகிதிகள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். ஒரு வாரம் விருந்தாளியாக இருக்கலாம். இரண்டாவது வாரம் அங்கேயும் ஓர் அடுப்படி, இரண்டு பொம்பளைகள்.

ஒரு ரூம், ஒரு ஹால். லேபுக்குப் பக்கம். யாரும் போன்னு சொல்ல முடியாது.

ஸ்டாப்பில் உறைப்பாகப் பேசியது நினைவுக்கு வந்தது. ரோஷத்தை விழுங்கிக்கொண்டு போனை எடுத்தாள். டீச்சர் உடனே எடுத்தார். உட்கார்ந்து காத்திருந்தவர் போல.

"டீச்சர், நான் பேசினது தப்பு. அந்த வீடு... எனக்கு வேணும். நீங்க சொன்ன மாதிரியே ஜனவரியில வந்துடறேன்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"டீச்சர்?"

"இருக்கேன்மா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார் டீச்சர். "பஸ்ல வர்றப்பப் பூரா யோசிச்சேன். பெத்த பொண்ணுகிட்ட வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாத மனுஷன். நாளைக்கு நான் படுத்துட்டா என்ன பண்ணுவாரு? எனக்கும் எங்கயாவது ஒரு மாடி ரூம் பாத்துட்டு, அவளேதான் கேட்டான்னு சொல்லுவாரு. வேணாம்மா. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்னு தோணுது. நான் என் வீட்டுலயே இருந்துடறேன். நீ என்ன சொல்ற?"

நீங்க நெனைக்கறது அத்தனையும் சரி டீச்சர். இதைத்தான் பெரியவள் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனியில் அதுதான் இருந்தது. டீச்சர் தப்பித்துக்கொள்வார். டீச்சரின் வீட்டில் டீச்சரே இருப்பார். இவள் இங்கே இருப்பாள், கல்யாணத்தைக் கெடுத்தவள் என்ற பெயரோடு; இல்லையென்றால் பீரோவுக்குப் பின்னாலேயே வேனில் போக வேண்டியதுதான்.

வெளியே வேனின் கதவைப் பட்டென்று சாத்தினார்கள்.

"அவசரப்படாதீங்க டீச்சர்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட நிதானமாக வந்தது. "அப்பாவுக்குப் பேச வராது. அவ்வளவுதான். ஆனா நல்லவர். அம்மா முடியாம இருந்தப்ப எப்படிப் பாத்துக்கிட்டாருன்னு உங்களுக்குத் தெரியாது. ராத்திரி பூரா கண்ணு முழிப்பாரு. தூக்கி உக்கார வைப்பாரு. வாயத் தொடச்சு விடுவாரு. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. என்னைக்கூடக் கிட்ட விட மாட்டாரு."

டீச்சர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நெஜமாவா? அவர் அப்படியா பாத்துக்கிட்டாரு?"

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நெஜமா டீச்சர்" என்றாள்.